ஆயுதம் கப்பலேறும் முன் கேட்க வேண்டிய கேள்வி

ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு ஆயுதம் விற்கிறது, அல்லது இலவசமாகக் கொடுக்கிறது, அல்லது அந்நாட்டுப் படையினரைத் தன் பயிற்சிக் கல்லூரிக்கு அழைத்துப் பயிற்றுவிக்கிறது. பெறுகின்ற அரசு அந்த ஆயுதத்தையும் பயிற்சியையும் தன் குடிமக்களை ஒடுக்கவோ, போரில் பொதுமக்களைக் கொல்லவோ பயன்படுத்துமா என்று கொடுப்பதற்கு முன்பே ஆராய வேண்டும் என்பதும், பயன்படுத்தும் என்று நம்பப் போதிய காரணம் இருந்தால் கொடுக்க மறுக்க வேண்டும் என்பதுமே, ஆயுத வணிகத்தை மனித உரிமையோடு இணைத்தல் என்ற கருத்தின் சாரம். சுடுவான் என்று தெரிந்தே துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தவனுக்கும் கொலையில் பங்குண்டு என்னும் பழைய நியாயத்தை அரசுகளுக்கும் பொருத்திப் பார்ப்பது இது. கருத்து எளிது. அதைச் சட்டமாக்குவதும், அந்தச் சட்டத்தை உண்மையாகவே இயங்கவைப்பதும்தான் கடினம்.

புதுச்சேரியில் வாழ்பவர்களுக்கு இது எங்கோ நடக்கும் விவகாரம் அன்று. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இங்கு வாழ்கிறார்கள். பிரான்சின் அதிபர் தேர்தலுக்கும் நாடாளுமன்றத் தேர்தலுக்கும் இங்கிருந்தே வாக்களிக்கிறார்கள். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள், சூலை 14 அன்று பதக்கங்களை அணிந்துகொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் அஞ்சலி செலுத்துவதை ஊரே அறியும். அவர்கள் வாக்களிக்கும் பிரான்சு, 2020 முதல் 2024 வரையிலான ஆண்டுகளில் உலக ஆயுத ஏற்றுமதியில் அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் இருந்தது என்பது ஸ்டாக்ஹோமில் இயங்கும் சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. அக்காலத்தில் பிரான்சிடம் மிகுதியாக வாங்கிய நாடு இந்தியா. இதே ஊரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சிறிது தொலைவு சென்றால் கீழ்ப்புத்துப்பட்டில் ஈழத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்குள்ள குடும்பங்கள், பல நாட்டு ஆயுதங்கள் வந்து குவிந்த ஒரு போரிலிருந்து உயிர் தப்பி வந்தவை. விற்கும் நாட்டின் வாக்காளரும் அந்த வணிகத்தின் விளைவைச் சுமந்தவரும் இவ்வளவு அருகருகே வாழும் ஊர்கள் அதிகம் இல்லை.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விற்பனை என்றால் வாங்கும் நாடு தன் பணத்தைக் கொடுத்து வாங்குகிறது. இராணுவ உதவி என்றால் கொடுக்கும் நாட்டின் வரிப்பணம் அதில் இருக்கிறது. எகிப்துக்கு அமெரிக்கா ஆண்டுதோறும் ஒதுக்கும் 130 கோடி டாலர் அத்தகையது. உதவிக்கு நிபந்தனை விதிப்பது எளிது, ஏனெனில் கொடுப்பவரின் கையில்தான் பணம் இருக்கிறது. விற்பனையிலோ வாங்குபவர் வேறு கடைக்குப் போய்விடுவேன் என்று சொல்ல முடியும். தொழிற்சாலைகளும் வேலைவாய்ப்பும் விற்பவரைப் பின்னாலிருந்து நெருக்கும். மனித உரிமைச் சட்டங்களுள் வலுவானவை உதவியைக் கட்டுப்படுத்துபவையாக இருப்பதற்கும், விற்பனையைக் கட்டுப்படுத்துபவை தளர்ந்து கிடப்பதற்கும் இதுதான் காரணம்.

விற்பனையில் வழக்கமாகக் கேட்கப்படும் ஆவணம் இறுதிப் பயனர் சான்றிதழ். வாங்கும் அரசு, இந்தப் பொருளை இன்ன படை, இன்ன தேவைக்குப் பயன்படுத்தும், எங்கள் அனுமதியின்றி வேறு எவருக்கும் கைமாற்றாது என்று அதில் எழுதிக் கையொப்பமிடுகிறது. கைமாறுவதைத் தடுக்க அது ஓரளவு உதவும். ஆனால் வாங்கிய படையே பொதுமக்கள் மீது சுட்டால் அந்தச் சான்றிதழ் மீறப்பட்டதாகக்கூட ஆகாது; ‘இறுதிப் பயனர்’ அதே படைதானே. ஆகவே பயனர் யார் என்று தெரிந்துகொள்வதோடு நில்லாமல், அந்தப் பயனரின் நடத்தை என்ன என்று கேட்கும் சட்டம் வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் அத்தகைய சட்டங்கள் வியட்நாம் போருக்கும் 1973ஆம் ஆண்டுச் சிலி இராணுவப் புரட்சிக்கும் பிறகு உருவாயின. வெளிநாட்டு உதவிச் சட்டத்தில் 1974ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டுப் பின்னர் கட்டாய விதியாக வலுப்படுத்தப்பட்ட 502பி பிரிவு, மனித உரிமைகளைக் கொடுமையாகவும் தொடர்ச்சியாகவும் மீறும் அரசுக்குப் பாதுகாப்பு உதவி கூடாது என்கிறது. தெளிவான சொற்கள். ஆனால் அசாதாரணச் சூழ்நிலை இருந்தால் விலக்களிக்கலாம் என்ற வாசலும் அதே பிரிவில் இருக்கிறது. தவிர, ஒரு நாட்டை முறைப்படி மீறல் நாடு என்று அறிவிப்பதையே ஆட்சியாளர்கள் தவிர்த்துவந்ததால் இந்தப் பிரிவு பெரும்பாலும் புத்தகத்திலேயே தங்கிவிட்டது.

வெர்மான்ட் மாநிலத்தின் செனட்டர் பாட்ரிக் லேஹி 1997ஆம் ஆண்டு கொண்டுவந்த விதி வேறு வழியில் சென்றது. அது நாட்டைப் பார்ப்பதில்லை, படைப்பிரிவைப் பார்க்கிறது. சித்திரவதை, சட்டத்துக்குப் புறம்பான கொலை, வலிந்து காணாமல் ஆக்குதல், அதிகாரத்தின் பெயரால் செய்யப்படும் பாலியல் வன்முறை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை ஒரு பிரிவு செய்ததற்கு நம்பத்தகுந்த தகவல் இருந்தால் அந்தப் பிரிவுக்கு அமெரிக்க உதவி கிடையாது. நடைமுறையில் இது எப்படி இயங்குகிறது என்று பார்க்கலாம். ஒரு நாட்டின் மேஜர் ஒருவர் அமெரிக்கச் செலவில் நடக்கும் பயிற்சிக்குத் தேர்வாகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பெயரும் அவர் சார்ந்த பிரிவின் பெயரும் முதலில் அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்தில் சரிபார்க்கப்படும். பிறகு வாஷிங்டனில் வெளியுறவுத் துறை அதிகாரிகள் தங்கள் பதிவுகளையும், செய்தி ஊடகங்களையும், மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளையும் கொண்டு மீண்டும் தேடுவார்கள். நம் ஊரில் மனை வாங்குவதற்கு முன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதைப் போன்றது இது. எங்கோ ஒரு கிராமத்தில் நடந்த கொலையைப் பிரிவின் பெயர், நாள், இடம் ஆகியவற்றோடு ஒருவர் பதிவுசெய்து வைத்திருந்தால், அந்தப் பதிவு ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்த மேஜரின் பயணத்தை நிறுத்திவிட முடியும். பாதிக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்களைச் சலிக்காமல் எழுதிவைப்பவர்களின் உழைப்பு வீண் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

குற்றம் செய்தவர்களை அந்த அரசு தண்டிக்கத் தொடங்கினால் உதவி மீண்டும் தொடரலாம் என்பதும் லேஹி விதியில் உண்டு. திருந்தும் வழியைத் திறந்துவைப்பதால் இது நியாயமான ஏற்பாடு என்றே கருதுகிறேன். குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்த விதி உதவியைத்தான் கட்டுப்படுத்துகிறது. அதே படைப்பிரிவுக்காக அந்நாடு சொந்தப் பணத்தில் துப்பாக்கி வாங்கினால் லேஹி விதி அதைத் தொடுவதில்லை.

ஐரோப்பா விற்பனையை நேரடியாகக் கட்டுப்படுத்த முயன்றது. ஐரோப்பிய ஒன்றியம் 1998இல் நடத்தை நெறியாக வகுத்து 2008 டிசம்பரில் சட்டக் கட்டுப்பாடுடைய பொது நிலைப்பாடாக ஆக்கிய விதிகளில் எட்டு அளவுகோல்கள் உள்ளன. உள்நாட்டு ஒடுக்குமுறைக்குப் பயன்படும் என்ற தெளிவான ஆபத்து இருந்தால் உரிமம் மறுக்கப்பட வேண்டும் என்பது இரண்டாவது அளவுகோல். அதிகம் பேசப்படாத இன்னொரு விதியும் அங்கே இருக்கிறது: ஒரு நாடு மறுத்த விற்பனையை மூன்றாண்டுகளுக்குள் இன்னோர் உறுப்பு நாடு செய்ய விரும்பினால், மறுத்த நாட்டைக் கலந்தாலோசித்தே ஆக வேண்டும். மறுத்தவனின் வாடிக்கையாளரைப் பக்கத்துக் கடைக்காரன் சத்தமில்லாமல் கவர்ந்துகொள்வதை அது முழுமையாகத் தடுப்பதில்லை என்றாலும், இரகசியமாகச் செய்ய முடியாதபடி ஆக்குகிறது.

உலக அளவில் இருப்பது ஆயுத வணிக ஒப்பந்தம். 2013 ஏப்ரல் 2 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் பெரும்பான்மையுடன் நிறைவேறி, 2014 டிசம்பர் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. ஈரான், வட கொரியா, சிரியா ஆகிய மூன்று நாடுகள் எதிர்த்தன. இந்தியா, சீனா, இரஷ்யா உள்ளிட்டவை வாக்களிக்காமல் ஒதுங்கின. இன அழிப்புக்கோ, மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்கோ, போர்க் குற்றங்களுக்கோ பயன்படும் என்று அனுமதி அளிக்கும் நேரத்தில் தெரிந்திருந்தால் விற்கவே கூடாது என்கிறது அதன் 6ஆம் பிரிவு. அவ்வளவு உறுதியாகத் தெரியாத நிலையில் ஆபத்தை எடைபோட்டுப் பார்த்து, அது மேலோங்கி நின்றால் மறுக்க வேண்டும் என்கிறது 7ஆம் பிரிவு. யார் எடைபோடுவது? விற்கும் அரசேதான். ஒப்பந்தத்தின் பலவீனம் முழுவதும் இந்தப் பதிலுக்குள் அடங்கியிருக்கிறது.

இனி, தமிழர்களுக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு. 2007 டிசம்பரில் நிறைவேறிய அமெரிக்க நிதி ஒதுக்கீட்டுச் சட்டம், இலங்கைக்கு இராணுவ நிதியுதவியையும் ஆயுத ஏற்றுமதி உரிமத்தையும் நிறுத்திவைத்தது. மனித உரிமை மீறலில் ஈடுபட்ட படையினரை நீதியின் முன் நிறுத்த வேண்டும், தொண்டு அமைப்புகளும் செய்தியாளர்களும் போர்ப் பகுதிக்குச் செல்ல அனுமதிக்க வேண்டும், ஐக்கிய நாடுகள் மனித உரிமை ஆணையரின் களப்பணிக்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். ஆனால் கடல், வான் கண்காணிப்புக் கருவிகளுக்கும் தகவல் தொடர்புக் கருவிகளுக்கும் விலக்கு இருந்தது. இலங்கை அரசு நிபந்தனைகளை ஏற்கவில்லை. சீனாவும் பாகிஸ்தானும் தேவையானவற்றைக் கொடுத்தன. தாக்குதல் ஆயுதம் தருவதில்லை, தற்காப்புக் கருவிகள் மட்டுமே தருகிறோம் என்றது இந்தியா. அந்தத் தற்காப்புக் கருவிகளுள் ஒன்று ரேடார். 2008 செப்டம்பரில் வவுனியா படைத்தளத்தின் மீது விடுதலைப் புலிகள் தாக்கியபோது, அங்கு ரேடாரை இயக்க உதவிக்கொண்டிருந்த இந்தியத் தொழில்நுட்பர்கள் இருவர் காயமடைந்தார்கள். ரேடார் யாரையும் கொல்வதில்லை என்பது உண்மை. போர் நடத்தும் ஒரு தளத்தின் நடுவில் அது இருந்தது என்பதும் உண்மை. கொல்லும் கருவி, கொல்லாத கருவி என்று பட்டியலை இரண்டாகப் பிரித்துவிட்டால் பொறுப்பு முடிந்துவிடும் என்ற எண்ணத்தை நான் ஏற்காததற்கு வவுனியா ஒரு காரணம்.

போரின் இறுதி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் கூறியது. பொதுமக்கள் இருந்த பகுதிகளையும் மருத்துவமனைகளையும் அரசுப் படை குண்டுவீசித் தாக்கியது என்ற குற்றச்சாட்டும், பொதுமக்களை விடுதலைப் புலிகள் கேடயமாக நிறுத்திவைத்தார்கள், குழந்தைகளைப் படையில் சேர்த்தார்கள் என்ற குற்றச்சாட்டும் நம்பத்தகுந்தவை என்று அதே அறிக்கை சொன்னது. அதன் பிறகே தமிழ்நாட்டில் இந்தக் கருத்து மக்கள் கோரிக்கையாக எழுந்தது. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினருக்குப் பயிற்சி அளிக்கப்படுவதை எதிர்த்து 2012 சூலையில் முதலமைச்சர் ஜெயலலிதா குரலெழுப்ப, அவர்கள் பெங்களூரு எலகங்காவுக்கு மாற்றப்பட்டார்கள். பயிற்சி நிற்கவில்லை, ஊர்தான் மாறியது. நிபந்தனை எழுதப்பட்ட சட்டமாக இல்லாமல் அரசியல் அழுத்தமாக மட்டும் இருக்கும்போது இதற்கு மேல் எதிர்பார்க்க முடிவதில்லை.

‘நாம் விற்காவிட்டால் இன்னொருவர் விற்பார்’ என்ற வாதம் இங்கே எழும். இது உதறித் தள்ளக்கூடிய வாதம் அன்று. இலங்கையில் அப்படித்தான் நடந்தது. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. கிழக்குத் திமோரில் 1999 ஆகஸ்டு 30 அன்று மக்கள் இந்தோனேசியாவிடமிருந்து விடுதலைக்கு வாக்களித்த பிறகு, இந்தோனேசியப் படையின் ஆதரவோடு ஆயுதக் குழுக்கள் ஊர்களைக் கொளுத்தின. செப்டம்பர் 9 அன்று அமெரிக்க அதிபர் கிளிண்டன் இந்தோனேசியாவுடனான படைத்துறை உறவை நிறுத்தினார். கடனுதவி நின்றுவிடும் என்ற நெருக்கடியும் சேர்ந்தது. செப்டம்பர் 12 அன்று பன்னாட்டு அமைதிப்படையை அனுமதிப்பதாக அதிபர் ஹபீபி அறிவித்தார். பல நாடுகள் ஒரே நேரத்தில், தெளிவான ஒரு கோரிக்கையோடு, பெறும் நாட்டுக்கு வேறு கதி இல்லாத சமயத்தில் நெருக்கினால் பலன் விரைந்து கிடைக்கிறது என்பதை இது காட்டுகிறது.

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசுக்கு எதிராக 1977 நவம்பர் 4 அன்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை பிறப்பித்த கட்டாய ஆயுதத் தடை இன்னும் நுட்பமான பாடம். அதுவரை அந்த அரசுக்கு மிராஜ் விமானங்களையும் நீர்மூழ்கிக் கப்பல்களையும் விற்றுவந்த பிரான்சு, கட்டிக்கொண்டிருந்த இரண்டு அகோஸ்டா வகை நீர்மூழ்கிகளைக் கொடுக்காமல் நிறுத்தியது. அவை உடைக்கப்படவில்லை. பாகிஸ்தான் வாங்கிக்கொண்டது. பிற்காலத்தில் கிரிமியாவை இரஷ்யா கைப்பற்றிய பிறகு, இரஷ்யாவுக்காகக் கட்டிய இரண்டு மிஸ்ட்ரல் வகைப் போர்க்கப்பல்களின் ஒப்பந்தத்தை 2015இல் இரத்துசெய்த பிரான்சு, அவற்றை எகிப்துக்கு விற்றது. அங்கே 2013இல் படைத்தளபதி ஆட்சியைக் கைப்பற்றி, கெய்ரோவின் இராபா சதுக்கத்தில் போராடியவர்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டிருந்தார்கள். 2020 டிசம்பரில் எகிப்து அதிபர் பாரிசுக்கு வந்தபோது, மனித உரிமைக் கருத்து வேறுபாடுகளைப் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கு நிபந்தனையாக்க மாட்டேன் என்று அதிபர் மக்ரோன் வெளிப்படையாகவே அறிவித்தார். ஐரோப்பிய விதியில் இரண்டாவது அளவுகோல் இருக்கும்போதே சொல்லப்பட்ட சொல் இது. புதுச்சேரி வாக்காளர்கள் தங்கள் பிரதிநிதியிடம் விளக்கம் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான பேச்சு வேறு வேண்டியதில்லை.

அரசே எடைபோட்டு அரசே தீர்ப்புச் சொல்லும் இந்த வட்டத்தைச் சில நாடுகளில் நீதிமன்றங்கள் உடைத்திருக்கின்றன. ஏமனில் சவூதி தலைமையிலான கூட்டணி குண்டுவீசிக்கொண்டிருந்தபோது, 2019 சூனில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. முன்பு நடந்த தாக்குதல்கள் பன்னாட்டு மனிதாபிமானச் சட்டத்தை மீறியவையா என்று முடிவுசெய்ய முயலாமலேயே அரசு உரிமம் கொடுத்துவந்திருப்பது சட்டப்படி தவறு என்றது அது. மறு ஆண்டே, மீறல்கள் ஆங்காங்கே நடந்த தனி நிகழ்வுகள் என்று சொல்லி அரசு உரிமங்களை மீண்டும் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம், எஃப்-35 போர் விமான உதிரிபாகங்களை இஸ்ரேலுக்கு அனுப்புவதை நிறுத்துமாறு நெதர்லாந்து அரசுக்கு ஆணையிட்டது. 2025 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தடையை நீதிமன்றமே விதித்திருக்கக் கூடாது, ஆனால் அமைச்சர் ஆறு வாரத்துக்குள் உரிமத்தை மறுபரிசீலனை செய்தாக வேண்டும் என்றது. இரண்டு வழக்குகளிலும் அரசு கடைசியில் ஏதோ ஒரு வழியைக் கண்டுகொள்ளலாம். எனினும், காரணத்தை எழுத்தில் சொல்லியே தீர வேண்டிய நிலைக்கு அது வந்துசேர்ந்தது. இஸ்ரேலுக்கு இராணுவத் தளவாடங்கள் ஏற்றுமதியாவதை நிறுத்தக் கோரி இந்தியாவில் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கை, வெளியுறவுக் கொள்கையில் தலையிட முடியாது என்று கூறி 2024 செப்டம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

நீதிமன்றத்துக்கு வெளியிலும் தடைகள் எழுந்திருக்கின்றன. பஹ்ரைனில் போராட்டக்காரர்கள் மீது பயன்படுத்தப்பட்ட கண்ணீர்ப்புகைக் குண்டுகளின் ஏற்றுமதியை, மக்கள் இயக்கங்களின் வற்புறுத்தலுக்குப் பிறகு தென் கொரியா 2014 சனவரியில் நிறுத்தியது. சிம்பாப்வேக்கு ஆயுதம் ஏற்றிவந்த சீனக் கப்பலிலிருந்து சரக்கை இறக்க 2008 ஏப்ரலில் டர்பன் துறைமுகத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். இந்தியாவின் 11 பெரிய துறைமுகங்களில் உறுப்பினர்களைக் கொண்ட நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு, இஸ்ரேலுக்கான ஆயுதச் சரக்கைக் கையாள மாட்டோம் என்று 2024 பிப்ரவரியில் அறிவித்தது.

இந்த இணைப்பையே சந்தேகத்தோடு பார்ப்பவர்களின் கேள்வியும் வலுவானது. நிபந்தனை விதிக்கும் நாடுகள் நண்பனுக்கு ஒரு நியாயம், வேண்டாதவனுக்கு ஒரு நியாயம் என்று நடந்துகொள்வதில்லையா? நடந்துகொள்கின்றன. ஆண்டுக்கு 380 கோடி டாலர் அமெரிக்க இராணுவ உதவி பெறும் இஸ்ரேலுக்கு லேஹி விதி எந்த அளவுக்குப் பொருத்தப்பட்டது என்று பார்த்தாலே போதும். ஆனால் சட்டம் ஓரவஞ்சனையாக இயங்குகிறது என்பது சட்டத்தை எல்லோருக்கும் பொதுவாக்குவதற்கான காரணமே தவிர, கைவிடுவதற்கான காரணம் ஆகாது. பிறர் நமக்கு நிபந்தனை விதிப்பதை வெறுக்கும் இந்தியா, தான் கொடுக்கும் இடத்தில் இருக்கும்போது தானே ஓர் அளவுகோலை வகுத்துக்கொள்ள எவருடைய அனுமதியும் தேவையில்லை.

அந்த இடத்துக்கு இந்தியா இப்போது வந்துவிட்டது. 2024–25 நிதியாண்டில் நம் பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி 23,622 கோடி ரூபாய். மியான்மரில் 2021 பிப்ரவரியில் படை ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு, அந்நாட்டுக்கு ஆயுதம் செல்வதைத் தடுக்கக் கோரிய பொதுச் சபைத் தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து சுமார் 5.1 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுதங்களும் தொடர்புடைய பொருள்களும் மியான்மர் படைக்குச் சென்றன என்று ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் கணக்கிட்டார். இரஷ்யா, சீனா ஆகியவற்றின் பங்கோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை. ஆயினும், எந்த அளவுகோலின்படி இது அனுமதிக்கப்பட்டது என்று கேட்டால், ஐரோப்பாவின் இரண்டாவது அளவுகோலைப் போல மனித உரிமையைப் பெயர்சொல்லிக் குறிக்கும் விதி எதுவும், ஏற்றுமதியை ஒழுங்குபடுத்தும் 1992ஆம் ஆண்டு அயல்நாட்டு வணிகச் சட்டத்தில் இல்லை.

புதுச்சேரி, கடலூர் மக்களவை உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் எழுத்து வடிவில் கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. எந்தெந்த நாடுகளுக்கு எந்த வகைப் பொருள் சென்றது, எத்தனை விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன, மறுப்புக்கு மனித உரிமை எப்போதேனும் காரணமாக இருந்ததா, கொடுத்த பிறகு பயன்பாட்டை யார் கண்காணிக்கிறார்கள் என்பவை அவை. உத்திசார் காரணம் காட்டி நாடுகளின் பெயரைச் சொல்ல அரசு மறுக்கக்கூடும். ஜெர்மனியும் நெதர்லாந்தும் பிரான்சும் தங்கள் ஏற்றுமதி அனுமதிகளை நாடு வாரியாகத் தொகுத்து ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அளிக்கின்றன. அதனால் அவற்றின் பாதுகாப்பு குலைந்துவிடவும் இல்லை, வணிகம் படுத்துவிடவும் இல்லை.